தாத்தாவின் போர்க்கால ஜீப்புக்கு டீசல் இன்ஜின் போடலாமா?

கேட்டிருப்பது இதுதான். சீவலப்பேரிப் பக்கம் ஒரு கிராமம். ராணுவம் கழித்து ஏலம் விட்ட டிஸ்போசலில் தாத்தா எடுத்த வில்லிஸ் ஜீப் முப்பது வருஷமாகத் தொழுவில் நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீர் ஏறி, இரண்டு நாள் கழித்துத்தான் வடிந்தது. இப்போது ஊரில் ஒருவர், “பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடுவோம். மேட்டடார் வேனின் டீசல் இன்ஜின் ஏற்றி, பாடியைப் புதுத் தகட்டில் அடித்து, மூன்று மாதத்தில் பளபளவென்று தருகிறேன்” என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது. ஆனால் அவர் செய்யப்போவது உங்கள் தாத்தா வண்டியின் பெயரில் வேறொரு வண்டி. அதுதான் வேண்டுமென்றால் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை வாங்கிச் செய்யுங்கள், செலவும் குறையும்.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருக்கிறேன். சோறு போடுவது டிராக்டரும் லோடு வண்டியும்தான். போர்க்கால ஜீப் இதுவரை என் கைக்கு நாலு வந்திருக்கிறது. அதில் ஒன்றை நானே கெடுத்தேன், அந்தக் கதை கீழே வருகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்தபிறகு யாரும் எந்தப் போல்ட்டையும் திறக்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்ஜின் சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), கியர்பாக்ஸ், அதன் பின்னால் இருந்து முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில், ஐந்திலும் கீழே வடிகால் போல்ட் இருக்கும். பழைய பெயின்ட் டப்பாவை அடியில் வைத்துப் பையத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கும். முதலில் தெளிந்த தண்ணீர் ஒரு கோடாக வரும். அப்புறம் ஆயிலும் தண்ணீரும் கலந்து காபி நிறத்தில் வரும். கடைசியில்தான் கருப்பாக ஆயில் வரும். தண்ணீரே வராமல் ஆயில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வடித்த பிறகு புது ஆயிலை ஊற்றி நிரப்பி வையுங்கள். ஓட்டுவதற்காக இல்லை, பல்லும் பேரிங்கும் மேற்கொண்டு துருப்பிடிக்காமல் இருக்க.

அதோடு, செல்ஃப் அடித்துப் பார்ப்பது, கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துப் பார்ப்பது, இந்த இரண்டும் கூடாது. ஊரில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருத்தர் “இழுத்தா புடிச்சிரும்ல” என்பார். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தாலோ, பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தாலோ, இழுத்த இழுப்பில் பிஸ்டனைப் பிடிக்கும் கனெக்டிங் ராடு வளையும். சரிசெய்யக்கூடிய இன்ஜின் அத்தோடு எடைக்குப் போகிற இன்ஜின் ஆகிவிடும்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று பார்ப்போம். நம் ஊரில் பழைய ஜீப் எல்லாவற்றையும் வில்லிஸ் என்றுதான் சொல்வார்கள். அதில் பாதி, பின்னால் மகிந்திரா பம்பாயில் பூட்டிய வண்டிகள். 1941லிருந்து 1945 வரை இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ஜீப் சுமார் 6,40,000. வில்லிஸ் கம்பெனி செய்தது எம்.பி., அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்ததைத்தான் நம் பெரியவர்கள் டிஸ்போசல் வண்டி என்றார்கள். மகிந்திரா 1949 வாக்கில் பூட்ட ஆரம்பித்தது போருக்குப் பின் வந்த சிவில் மாடல்.

முன் கிரில்லில் எத்தனை பிளவு என்று எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால வண்டி, ஏழு என்றால் பின்னால் வந்தது. தொடக்கத்தில் வந்த வில்லிஸ் வண்டிகளில் மட்டும் தகட்டுப் பட்டைகளை வைத்து வெல்டு செய்த கிரில் இருக்கும். அப்படி இருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள், அது அபூர்வம். ஹெட்லைட் கிரில்லுக்குச் சற்று உள்ளே தள்ளிச் சின்னதாக இருக்கும். திருகைத் தளர்த்தி மேலே புரட்டினால் இன்ஜின் மேல் வெளிச்சம் அடிக்கும். இருட்டில் ரிப்பேர் பார்ப்பதற்காக யோசித்து வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் திறக்கும் கதவு இருக்காது. அங்கே ஸ்டெப்னி வலப்பக்கமும், பெட்ரோல் கேன் வைக்கும் தாங்கி இடப்பக்கமும் இருக்கும்.

எம்.பி.யா, ஜி.பி.டபிள்யூ.வா என்பதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு அடியில் சேஸிஸின் இரண்டு பக்க நீளச் சட்டங்களையும் (நாங்கள் கை என்போம்) இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துப்போட்ட தொட்டி மாதிரி மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் சாமான்களில் எல்லாம், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைக் குத்தியிருக்கும். சேஸிஸ் எண் வில்லிஸில் இடது கையின் உள்பக்கம், பம்பருக்குப் பின்னால், ரிவிட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது கையின் மேல்முகத்திலேயே குத்தியிருக்கும். டாஷ்போர்டுப் பெட்டி மூடியில் உள்ள தகடுகளை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம், அவை புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன. சேஸிஸில் உள்ளதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எண் தெரியவில்லை என்றால் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டு போகக்கூடாது.

நான் கெடுத்த கதை இங்கேதான் வருகிறது. பதினைந்து வருஷம் இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது, எஸ்டேட்டில் ஓடியது. பானட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மேலே யாரோ கல்யாணத்துக்கு அடித்த வெள்ளை. அதன் கீழ் எஸ்டேட் பச்சை, அதற்கும் கீழ் செங்காவி. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் மங்கிய ராணுவப் பச்சை வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வளைவு. தேய்க்கத் தேய்க்க ஒரு 4 முழுசாக வந்தது. ராணுவத்தில் அந்த வண்டிக்கு எழுதிய எண். அடுத்த எண்ணின் தலை தெரியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். போய்விட்டு வந்து பார்த்தால், பானட் வெறும் இரும்பாக வெயிலில் மின்னுகிறது. பெயின்டர் ரிமூவர் பூசிச் சுரண்டி எடுத்துவிட்டார். “அண்ணாச்சி, உங்களுக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்” என்றார் சந்தோஷமாக. அவரை என்ன சொல்ல? தேய்க்காதே என்று சொல்லிவிட்டுப் போகாதது என் தப்பு. அந்த எண் இருந்திருந்தால் வண்டி எந்தப் படையில் ஓடியது என்று தேடவாவது ஒரு நுனி கிடைத்திருக்கும்.

அதனால் பெயின்ட் கடைசி. பானட்டின் இரண்டு பக்கமும், கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழேயும், பின்பக்கத் தகட்டிலும், பைய ஈரத்தில் தேய்த்து, வருவதையெல்லாம் படம் எடுத்து, குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து அளவும் எடுத்த பிறகுதான் மற்றது. ஈரத்தில் தேய்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி நேரே நெஞ்சுக்குள் போகும்.

பிரிக்கும்போது எங்கள் பட்டறையில் பனை ஓலைக் கொட்டான்தான் கணக்கு. ஒரு இடத்தில் கழற்றிய போல்ட், வாஷர், இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகடு எல்லாம் ஒரு கொட்டானில். அதில் ஒரு அட்டையைக் கட்டி எந்த இடம் என்று எழுதிவிடுவோம். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் ஈரம் நின்று துருப்பிடிக்கிறது, கொட்டானில் காற்று போகும். உடைந்த கிளாம்ப்பாக இருந்தாலும் எறியக்கூடாது. அந்த ஜாமானைப் புதிதாகச் செய்ய லேத்காரர் ஒரு மாதிரியைக் கேட்பார், அந்த உடைந்ததுதான் மாதிரி.

இப்போது இன்ஜின். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. நாலு சிலிண்டர், 2,199 சிசி, 60 குதிரைத்திறன், பக்கவாட்டு வால்வு. அதாவது வால்வெல்லாம் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான், அதில் வால்வை அழுத்தும் ராக்கரும் கிடையாது, வால்வும் கிடையாது. இதனால் ஒரு லாபம், ஒரு எச்சரிக்கை. ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டனும் வால்வும் கண்ணுக்கு நேரே தெரியும், அது லாபம். எச்சரிக்கை என்னவென்றால், ஒட்டிக்கொண்ட இன்ஜினுக்குப் பிளக் ஓட்டை வழியாக ஆயில் ஊற்றச் சொல்வார்கள் இல்லையா, இந்த இன்ஜினில் பிளக் வால்வுப் பக்கம் இருக்கிறது. ஊற்றுவதில் பாதி வால்வு மேலேயே நிற்கும், திறந்திருக்கும் வால்வு வழியாக, காற்றும் புகையும் போகும் மேனிஃபோல்டுக் குழாய்க்கும் போகும். அதனால் ஹெட்டை எடுத்துவிட்டு ஊற்றுவதுதான் முறை.

நான் ஊற்றுவது ஏ.டி.எஃப். என்கிற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. பக்கத்தில் பீடி கூடாது. தினம் காலையில் ஊற்றி, சாயந்திரம் பிஸ்டன் தலையில் தேக்குக் கட்டையை வைத்து மரச்சுத்தியலால் நாலு தட்டு. ஓங்கி அடிப்பதில்லை, தட்டுவதுதான். போன தடவை ஒன்று ஒன்பது நாள் அசையவே இல்லை. பத்தாம் நாள் பிளைவீல் பல்லில் கம்பியைக் கொடுத்து நெம்பினேன், சத்தமே இல்லாமல் ஒரு நூல் அளவு போனது. போன வழியே திரும்பவும் கொண்டுவந்தேன். ஒரு பக்கமாகவே நெம்பினால் ரிங் உடையும். முன்னும் பின்னும் ஒரு நூல், இரண்டு நூல் என்று ஆட்டி, மத்தியானத்துக்குள் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டது.

சுற்றிவிட்டதே என்று அப்படியே மூடிவிடக்கூடாது. வெள்ளத்தில் கிடந்த இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் ஓடும் வழியிலும் ஆயில் ஓடும் வழியிலும் வண்டல் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும், அதைக் கம்பி விட்டுத்தான் எடுக்க முடியும். கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் நிற்பது. தேய்ந்திருந்தால் கிரைண்டிங் கொடுத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் ஷெல் போடலாம். மகிந்திரா வெகுகாலம் செய்த பெட்ரோல் ஜீப் இன்ஜினின் அடிப்பாகம் இதே குடும்பம், சிலிண்டர் விட்டமும் (போர்) பிஸ்டன் ஓடும் தூரமும் (ஸ்ட்ரோக்) ஒன்றே. அதனால் ரிங், பேரிங் வகைகளைச் சென்னை புதுப்பேட்டையிலோ கோயம்புத்தூரிலோ தேடினால் கிடைக்கும். சிலிண்டரைக் கடைய (போரிங்) பிளாக்கைக் கொடுக்கும்போது, ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜின் எண் குத்திய மேடையின் மேல் டேப் ஒட்டி, “இங்கே மெஷின் படக்கூடாது” என்று சாக்பீஸால் எழுதிக் கொடுங்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்று அதையும் சேர்த்து வழித்துவிடுகிற பட்டறைகள் உண்டு.

கியர்பாக்ஸ் மூன்று கியர், முதல் கியருக்கு, பல் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது. போர்க்கால வண்டியில் வந்தது டி-84. நம் பக்கத்தில் பலர் அதை மாற்றி அதைவிட உறுதியான டி-90 போட்டிருப்பார்கள். உங்களுடையதும் அப்படி இருந்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன், ஆனால் பழையது பரணில் கிடக்கிறதா என்று தேடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சில்களும் கல்லு மாதிரி. சீலும் பேரிங்கும் மாற்றினால் இன்னொரு தலைமுறை ஓடும்.

உண்மையில் பணத்தைத் தின்பது பாடி. தொட்டி மாதிரி இருக்கும் அந்தப் பாடியின் அடியில், குறுக்கே தொப்பி வடிவத்தில் மடித்த சட்டங்கள் போகும். அவற்றுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள். மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இரும்பு உள்ளேயிருந்து உளுத்துவரும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். அடுத்து டிரைவர் சீட்டுக்கு அடியைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும், டிரைவர் டேங்க் மேலேயேதான் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். டேங்க்கைத் தாங்கும் அந்தக் குழியில் வெள்ளத்து வண்டல் நிச்சயம் படிந்திருக்கும்.

ஓட்டையான இடத்தை மட்டும் வெட்டி அதே கனத் தகட்டை வைத்துப் பற்றவைக்கும் டிங்கர் கிடைத்தால், கூலி அதிகமானாலும் அவரை விடாதீர்கள். பட்டி பூசி மூடுகிறவர் வேண்டாம். பிலிப்பைன்ஸில் முழுப் பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். வடக்கே ஹரியானாவில் மண்டி டப்வாலியில் கேட்டால் ஜீப்பையே புதிதாகக் கட்டித் தருவார்கள். தரை முழுக்கப் போய்விட்டால் அதையும் யோசிக்கலாம், ஆனால் அது கடைசி வழி. பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல்) அடித்துத் துரு எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சேஸிஸுக்கு அடிக்கலாம். பாடித் தகட்டுக்கு அடித்தால் அப்பளம் மாதிரி நெளியும். சின்னச் சாமான்களுக்கு சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து டிரம்மில் இரண்டு வாரம் ஊறப்போடுங்கள். நாற்றம் தாங்காது, ஆனால் நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் எடுக்கும். கார்புரேட்டர் மாதிரி வெள்ளை உலோகச் சாமானை அதில் போட்டுவிடாதீர்கள், அரித்துவிடும்.

கரண்ட் 6 வோல்ட். எல்லாரும் 12க்கு மாற்றச் சொல்வார்கள். 6 வோல்ட்டில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். வோல்ட் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கு வாங்கிய மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டுப் பேட்டரியைத் திட்டுவதில் நியாயமில்லை. தடித்த கேபிள், பெயின்ட் சுரண்டிய எர்த், இரண்டும் இருந்தால் நன்றாகவே பிடிக்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட் இடைவெளி 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 30 தௌ.

பெட்ரோல்தான் இன்றைய தலைவலி. பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பழைய பம்ப்பின் ரப்பர் டயாஃப்ரமும் கார்க் கேஸ்கெட்டும் அதற்குத் தாங்காது, எத்தனாலுக்கு என்று வரும் ரப்பராகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கை வடித்துவிடுங்கள், எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பம்ப் இருப்பது சைலன்சர் மேனிஃபோல்டு இருக்கும் அதே பக்கம். சித்திரை வெயிலில் கயத்தாறு ரோட்டில் போனால் பெட்ரோல் பைப்பிலேயே கொதித்து வண்டி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்திருப்பார்கள், உங்கள் தாத்தாவும் வைத்திருப்பார்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு பைப் வெடித்தால் நாலும் போச்சு. பைப் எல்லாம் புதிதாக, பிரேக்குக்கென்று வரும் பைப்பாகப் போடுங்கள். ஏசி மெக்கானிக் கடையில் சுருட்டி விற்கும் செம்புக் குழாய் அதிர்வில் விண்டுபோகும். வீல் சிலிண்டர் அரித்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் அடிக்கலாம்.

டீசல் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குச் சட்டக் காரணமும் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ என்று வரும் எண் கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. தினம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் வண்டி ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டு போவது, அவ்வளவுதான். மேட்டடார் இன்ஜினை ஏற்றிவிட்டு இந்த வரிசையில் போய் நிற்க முடியாது. ஆர்.சி. எங்கே என்று முதலில் வீட்டில் தேடுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பத்திரங்களோடு இருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், அவசரப்படாமல் செய்தால் ஒன்றரை வருஷம். மூன்று மாதத்தில் முடிக்கிறேன் என்பவர் எதையோ தூக்கி எறியப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்க்கிறேன். அதற்குள் ஆர்வத்தில் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், இரண்டு காரணம். இடது பக்கச் சக்கரங்களின் நட்டு இடது மரை. வழக்கம்போல் திருப்பினால் இறுகும், இன்னும் பலமாக மிதித்தால் ஸ்டட் முறியும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. போர்க்கால ரிம் பெரும்பாலும் இரண்டு துண்டு. நடுவில் சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து நட்டு வேறு, அதைச் சுற்றி வெளியே ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் எட்டு நட்டு வேறு. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைத்தால் பாதி ரிம் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். முப்பது வருஷம் நின்ற டயரில் காற்று எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்காமல், நாலு சக்கரத்திலும் ஸ்டெப்னியிலும் வால்வு ஊசியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.